ஈரத் துண்டு

2024 மே 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. என் மனைவி ராகினி பால் வெட்டப் போகவில்லை. மழை நாளில் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. நான் மட்டும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி, தெஹியோவிட்ட ரோட்டில் இருக்கும் அலுமினிய வேலைத்தளத்துக்குப் போனேன்.

இந்த டயறி, தகடு விற்கிறவர்கள் தம்பையா முதலாளிக்குக் கொடுத்தது. அவர் எனக்குத் தந்தார். இதுவரை அளவுகள்தான் எழுதியிருக்கிறேன். சமையல் தாச்சிச் சட்டியின் வாய் அகலம், தோட்டத்து ஃபெக்டரிக்குச் செய்கிற பால் தட்டின் நீளம், யன்னல் சட்டம். இன்றைக்கு எழுத அளவு ஒன்றும் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

உருக்குவதற்காக வாங்கிய பழைய அலுமினியம் குவிந்திருக்கும் மூலைக்கு நேர் மேலே இரண்டு கூரைத் தகரம் கழன்று கிடக்கிறது. தண்ணீர் குழாய் திறந்த மாதிரிக் குவியல் மேல் விழுகிறது. முதலாளியிடம் இன்றோடு மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

"பாக்குறேன் சசி. மழை விடட்டும்" என்றார்.

இந்தப் பக்கத்தில் மழை எப்போது விட்டது?

றினாஸுக்குச் சிரிப்பு. "மொதலாளி செல்றது சரிதான் அண்ணே. மழ உட்டா கூரையே தேவல்லயே."

அவனும் நானும் பதினொரு வருஷமாக ஒரே உலையில் வேலை. மூசை என்கிற உருக்கும் கலத்தை, உருகின அலுமினியத்தோடு தூக்குகிற இரட்டைப் பிடியில் ஒரு முனை அவனுக்கு, மறு முனை எனக்கு. ஒன்று, இரண்டு என்று எண்ணித் தூக்குவதெல்லாம் எங்களுக்குக் கிடையாது. நான் மூச்சை இழுத்தால் அவன் தூக்கிவிடுவான்.

மே 9

அச்சுப் பிடிக்கிற மணலிலும் ஈரம். அச்சு நிற்கவில்லை. இரண்டு தாச்சி ஓட்டையாகப் போனது.

மே 16, வியாழன்

வெசாக் பண்டிகைக்கு அன்னதானத் தன்சல் போடுகிறவர்கள் வந்தார்கள். எட்டுப் பெரிய தாச்சி, இருபத்திரண்டாம் திகதிக்குள். முதலாளி என்னைக் கேட்காமலே சரி சொல்லிவிட்டார்.

வெயில் காலமென்றால் செய்யலாம். இந்த ஈரத்தில் எப்படி? உருகின அலுமினியத்துக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் போனால் போதும், ஆவியாகி வெடித்து மேலே இருப்பதையெல்லாம் தூக்கி எறியும். அதனால் எந்தத் துண்டையும் முதலில் உலையின் விளிம்பில் வைத்து, உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் காயும் மட்டும் சூடு காட்டித்தான் மூசைக்குள் போடுவோம். ஒரு தடவைக்கு நாலைந்து துண்டுதான் அந்த விளிம்பில் கொள்ளும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

றினாஸைச் சேர்த்துக்கொண்ட நாளில் நான் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் அதுதான்.

மே 21

றினாஸுக்கு அடிபட்டுவிட்டது. முகம். கண்.

எழுத வரல்ல.

மே 22, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது கேட்பார்கள்.

ஏழு தாச்சி முடிந்திருந்தது. எட்டாவதுக்கு மூசையில் உலோகம் போதவில்லை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். கூரையில் அடித்த மழைச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. முதலாளி இரண்டு தரம் வந்து அவசரப்படுத்திவிட்டுத் தன் கடைக்குப் போயிருந்தார். றினாஸ் உலைக்கு அந்தப் பக்கத்தில் முதுகைக் காட்டியபடி, இரட்டைப் பிடியை எடுக்கக் குனிந்தான். அப்போது ஒரு துண்டு மூசைக்குள்ளே போனது. அவன் நிமிர்ந்து திரும்பினான்.

பெரிய சத்தம் இல்லை. பாரமான எதையோ நிலத்தில் போட்ட மாதிரி ஒரு அதிர்ச்சி. வெள்ளையாக எழும்பி அவன் பக்கம் சாய்ந்தது. என் பக்கம் வந்தது நாலே பொட்டு. சட்டையில் நாலு ஓட்டை.

அவன் அலறவில்லை. "அண்ணே தண்ணி, அண்ணே தண்ணி" என்று மட்டும் சொன்னான். பீப்பாயிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். இடது கன்னம், கழுத்து, இடது கண். கண்ணிமையில் ஒட்டியிருந்தது ஆறி, ஈயப் பொட்டு மாதிரி பளபளத்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் என் கையை விடவேயில்லை.

மே 23, வெசாக்

கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்துப் போனேன். வார்டுக்கு வெளியே அவன் மனைவி சஜீதா சுவரோரம் நின்றாள். என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள். "நீங்க பக்கத்துல ஈந்ததால உயிரோட கொண்டு வந்தீங்க, சசி அண்ணன். அல்லா உங்களுக்கு நல்லது செய்யணும்."

நான் வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது வழியில் தன்சல். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோறு போட்டார்கள். கறி இருந்த தாச்சி புத்தம் புதுசு. எங்களுடையதா என்று பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மே 27, திங்கள்

முதலாளி கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"யாரு அந்த ஈரத் துண்ட போட்டது?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"றினாஸ்தான் போட்டிருப்பான். எப்பவும் கதைச்சுக்கிட்டே வேலை செய்றவன். கவனம் எங்க இருக்கும்?"

"தெரியலீங்க முதலாளி."

ஒரே ஒரு சொல். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

ஜூன் 2, ஞாயிறு

ஆறு பெருகி ரோட்டில் ஏறிவிட்டது. பஸ் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். மே 22இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

"ஒரு துண்டு மூசைக்குள்ளே போனது."

எப்புடிப் போச்சு? காலு மொளச்சு நடந்து போச்சா?

நான் போட்டேன். நாந்தான் போட்டேன். வேன் ஒன்றின் எஞ்சின் ஹெட், உடைத்த பாதி. தண்ணீர் ஓடுகிற துவாரங்கள் உள்ளே இருக்கிற சாமான். குவியலின் மேலே, மழையில் கிடந்தது. விளிம்பில் இடமில்லை. அங்கே வேறு நாலு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. காயும் மட்டும் நின்றால் இன்னும் அரை மணி. மேலே துணியால் துடைத்தேன். துடைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் போய்விடுமா? எனக்குத் தெரியாதா? இருபது வருஷம் வார்க்கிறவன். தெரிந்துதான் போட்டேன். ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன்.

அவன் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

ஜூன் 9

ராகினி அடுப்படியில் என் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"ஏங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. றினாஸ் தம்பிக்கு அடிபட்ட கவலை மட்டுமில்ல இது."

சொல்லிவிட்டேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். ராகினி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்ல. திரும்பி நின்னான்."

"அப்ப தாந்தான் ஏதோ பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கப் போறாரு."

இந்த யோசனை எனக்கு வரவேயில்லை. இத்தனை நாளும் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

றினாஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கழுத்துத் தோல் இழுபட்டுத் தலையை ஒரு பக்கம் திருப்ப முடியாமல் இருக்கிறான். ஆனைக்கொய்யாவும் மாம்பழமும் வாங்கிக்கொண்டு போனேன்.

ராகினி சொன்னது சரி. சஜீதா தேத்தண்ணி போட உள்ளே போனதும் மெல்லக் கேட்டான்.

"அண்ணே, நான்தான் அந்தத் துண்ட போட்டேனா? மொதலாளி வந்து அப்பிடித்தான் செல்லிட்டுப் போறார். எனக்கு நெனவே வருதில்ல. பிடிய எடுக்கக் குனிஞ்சது ஞாபகம். அதுக்கு முந்தி போட்டனோ என்னவோ…"

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சஜீதாவும் அவளுடைய வாப்பாவும் உள்ளே வந்தார்கள். அவர் என் தோளைத் தட்டி, உங்களைப் போல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தது அவன் செய்த புண்ணியம் என்றார்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். குடித்தேன். அதையும் குடித்தேன்.

ஜூன் 24, திங்கள்

தொழிலாளர் விஷயங்களை விசாரிக்கிற லேபர் கந்தோரிலிருந்து கடிதம். ஜூலை 4ஆம் திகதி விசாரணை. நான் சாட்சி.

முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். லயத்துப் படியேறி அவர் வந்தது இதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் ராகினி. அவர் உட்காரவில்லை.

"சசி, நான் கெட்டவன் இல்ல. ஃபெக்டரியில ஆள் கொறச்சப்ப உன்னய கூப்பிட்டு வேலை தந்தது யாரு? றினாஸுக்கு நான் ஏதாவது செய்யத்தான் போறேன், என் கையால. ஆனா கந்தோர்ல கூரை, ஈரம்னு கதை போச்சுன்னா எடத்த மூடிடுவாங்க. இத நம்பி எட்டுக் குடும்பம். யோசிச்சுப் பாரு. அவன் கவனமில்லாம போட்டுட்டான்னு சொன்னா எல்லாம் முடிஞ்சிரும்."

அவர் சொன்னதில் பொய் குறைவு. வேலை தந்தது உண்மை. எட்டுக் குடும்பமும் உண்மை. மேசன்களுக்குப் பின்னால் மண் சுமந்து திரிந்த என்னை உலைக்கு முன்னால் நிறுத்தியவர் அவர்தான்.

போன பிறகு ராகினி சொன்னாள்: "கூரையப் பத்தி மூணு தடவ சொன்னேன்னு அந்தப் பொஸ்தகத்துல எழுதி வச்சிருக்கீங்கல்ல?"

எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் மற்றப் பக்கங்களையும் புரட்டுவார்கள்.

ஜூலை 1

தூக்கமில்லை. வேலைத்தளத்தில் ரிவெட் அடிக்கும்போது விரலில் அடித்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு றினாஸ் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு.

சஜீதாவையும் இருக்கச் சொன்னேன். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"நீ போடல்ல றினாஸ். நான் போட்டேன்."

அவனுக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு, வேலைத்தளத்தில் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"எந்தத் துண்டு?"

"எஞ்சின் ஹெட். பாதி."

"தண்ணி ஓட்ட ஈக்கிற சாமான்?"

"ஆமா."

"சூடு காட்டல்லயா?"

"இல்ல. தொடச்சுட்டுப் போட்டேன்."

"ஏன்?"

"அவசரம்."

றினாஸ் இருக்கிற ஒரு கண்ணையும் மூடிக்கொண்டான். சஜீதாதான் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்றர மாசம். நீங்க கொண்டு வந்த பழத்த நான் வெட்டி இவருக்கு ஊட்டினேன். தொழுது உங்களுக்கு துஆ கேட்டேன். நாந்தான் செஞ்சேனோ நாந்தான் செஞ்சேனோண்டு இவர் ராவெல்லாம் பெனாத்துறார். அதப் பாத்துக்கொண்டு நீங்க தேத்தண்ணி குடிச்சீங்க."

"போங்க அண்ணே" என்றான் றினாஸ், கண்ணைத் திறக்காமல்.

வந்துவிட்டேன். நாளைக்கு இந்த டயறியைக் கையில் கொண்டு போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

டயறி இன்றைக்குத்தான் திரும்பக் கிடைத்தது. அட்டையில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கிறார்கள். எழுதாமல் விட்ட எட்டுக் கிழமையையும் இப்போது எழுத வேண்டும்.

ஜூலை 4. சின்ன அறை. நீட்டு மேசை. ஒரு பக்கம் முதலாளியும் அவருடைய வக்கீலும். மறு பக்கம் றினாஸும் சஜீதாவும். நடுவில் விசாரிக்கிற அதிகாரி மிஸ், சிங்களவர். எங்கள் எல்லோருக்கும் சிங்களம் தெரியும் என்பதால் சிங்களத்திலேயே நடந்தது.

துண்டைப் போட்டது நான் என்றேன். முதலாளி என்னைப் பார்க்கவேயில்லை. வக்கீல் உடனே பிடித்துக்கொண்டார். அப்படியானால் இது தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவு, முதலாளியின் குற்றம் எங்கே என்றார். கூரை ஒழுகுவதை மூன்று தடவை சொன்னேன் என்றேன். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். டயறியை மேசையில் வைத்தேன்.

மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கந்தோரில் வேலை செய்கிற சுமித்ரா என்ற தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மே 6ஆம் திகதிப் பக்கத்தைத் தமிழில் வாசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாள். அதோடு முடியும் என்று நினைத்தேன். "எல்லாவற்றையும் வாசியுங்கள்" என்றார் மிஸ்.

வாசித்தாள். வாத்தியார் மாதிரி, ஒரே குரலில். மணலில் ஈரம் என்று வாசித்தாள். சட்டையில் நாலு ஓட்டை என்று வாசித்தாள். மே 22க்கு வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"‘ஒரு துண்டு மூசைக்குள்ளே போனது’ன்னு எழுதியிருக்கீங்க. தானாவா போச்சு?"

"அடுத்த பக்கங்கள வாசிங்க" என்றேன்.

வாசித்தாள். காலு மொளச்சு நடந்து போச்சா என்பதை வாசித்தாள். தேத்தண்ணி குடித்ததை வாசித்தாள். றினாஸ் என்னிடம் மெல்லக் கேட்ட கேள்வியை, அவன் கேட்ட அதே சொற்களில், அவனுக்கு முன்னாலேயே வாசித்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். என்னை உரித்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. சஜீதாவின் வளையல் சத்தம் கேட்டது. அழுதாளோ, முந்தானையை இழுத்துவிட்டாளோ தெரியாது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளி லயத்துக்கு வந்து பேசியதும் அதில் இருந்தது. வக்கீல் எழும்பி ஏதோ சொல்லப் பார்த்தார். முதலாளியே அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

கடைசியில் மிஸ் என்னிடம் சொன்னார்: "நீங்க அந்தத் துண்ட போட்டது பிழை. அத மறைச்சது அதவிடப் பிழை. ஆனா மழை விழுற எடத்துல அந்தத் துண்டு கெடந்ததும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம அவர் உலைக்கு முன்னால நின்னதும் உங்க பிழை இல்ல." பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

தீர்ப்பு போன கிழமை வந்தது. றினாஸ் மேல் பிழையில்லை. அவனுக்குரிய நஷ்டஈட்டை முதலாளி கொடுக்க வேண்டும். வேலைத்தளத்தை மூடவில்லை. கூரை போட்டு, கண்ணாடியும் கையுறையும் வாங்கும் வரைக்கும் இரண்டு கிழமை உலை பற்றவைக்கக் கூடாது என்றார்கள், அவ்வளவுதான். எட்டுக் குடும்பமும் இருக்கிறது.

நான் இல்லை. விசாரணைக்கு மறுநாளே முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். கோபமாகக்கூட அல்ல. "ஒன்ன பாத்தா எனக்கு மனசு சரியில்ல சசி" என்று ஆள் மூலம் சொன்னார். எனக்கும் அப்படித்தான்.

செப்டெம்பர் 10

அவிசாவளைப் பக்கம் அஸீஸ் நானாவின் கடையில் வேலை. அலுமினிய யன்னல், கதவு, கடை முகப்பு. உலை கிடையாது. நீட்டுச் சட்டங்களை வெட்டி, மூலை பொருத்தி, ரப்பர் பட்டி செருகிக் கண்ணாடி போடுவது. ஆறின உலோகத்தோடு வேலை. ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் கண்ணாடி நிற்காது. அவ்வளவுதான் அது செய்யும், ஆளைக் கொல்லாது. நாற்பத்து மூன்று வயதில் இருபத்தைந்து வயதுக்காரனிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறேன். பரவாயில்லை.

செப்டெம்பர் 25

ராகினி இன்றைக்குச் சொன்னாள்: "குழம்புல உப்பு கூடன்னு சொன்னீங்க. நல்லாயிட்டீங்க."

நல்லாகவில்லை. உப்பு கூட, அவ்வளவுதான்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு மகளுக்கு உடுப்பு எடுக்கப் போனோம். பஸ் ஸ்டாண்டில் றினாஸ். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவனுடைய இடது பக்கமாக நான் நின்றேன், நாலடி தூரத்தில். அந்தப் பக்கம்தான் அவனுக்குத் தெரியாதே. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பஸ் வந்தது. படியில் காலை வைக்கும்போது உயரம் பிடிபடாமல் தடவித் தடவி ஏறினான். கண்டக்டர் கை கொடுத்தான்.

ராகினியும் பார்த்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

டிசெம்பர் 14

பழைய வேலைத்தளத்து ஆள் ஒருவரைக் கடையில் கண்டேன். றினாஸ் தன் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக உலை கட்டியிருக்கிறானாம். நஷ்டஈட்டுக் காசில். தாச்சி மூடி, விளக்குத் தண்டு, கைப்பிடி என்று சின்னச் சாமான்கள். கூரையை முதலில் போட்டுவிட்டுத்தான் உலையைக் கட்டினானாம். கேட்டுவிட்டு வெட்டிக்கொண்டிருந்த சட்டத்தை அளவு பிழைத்து வெட்டிவிட்டேன்.

ஒரு கண்ணோடு எப்படி வார்க்கிறான்?

2025 ஜனவரி 19, ஞாயிறு

டயறியில் திகதித் தாள்கள் முடிந்துவிட்டன. பின்னால் முகவரி எழுதுகிற பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் ஃபோன். தெரியாத நம்பர். எடுத்தால் சஜீதா. விசாரணைக்குப் பிறகு அவள் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"சசி அண்ணன், இவருக்கு நான் கோல் எடுக்கிறது தெரியா. தெரிஞ்சா ஏசுவார்."

"சொல்லுங்க தங்கச்சி."

"ஒரு கண்ணால தூரம் மட்டுப்படுதில்ல. அச்சுட வாய் எங்க ஈக்குதுண்டு பாத்து ஊத்த ஏலாம ஈக்குது. நேத்து வெளிய ஊத்திட்டார். காலுக்குக் கிட்ட. வேல செஞ்ச ஆளும் பயந்து போயிட்டான். இன்டைக்கு வரல்ல." குரலைத் தாழ்த்தினாள். "நான் உங்கள மன்னிச்சிட்டேண்டு நெனக்க வாணாம். எனக்கு இன்னும் ஏலாம ஈக்குது. ஆனா இவருக்குப் பக்கத்துல நின்டு ஊத்தத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒராள்தான். இவர் கேக்க மாட்டார். அதான் நான் கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு லீவு என்றேன். வேறு என்ன சொல்வது?

ராகினியிடம் சொன்னேன். "போங்க" என்றாள். "ஆனா இந்தத் தடவ நீங்களும் கண்ணாடி போட்டுக்கங்க."

ஜனவரி 26, ஞாயிறு

எட்டு மணிக்கே போய்விட்டேன். வாசலில் நின்றேன். றினாஸ் பின்பக்கத்திலிருந்து வந்தான். என்னைக் கண்டதும் நின்றான். சஜீதாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அரிசி களைகிற சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வந்ததற்கு என்ன காரணம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன்.

"உல பத்தவச்சு ஒரு மணித்தியாலம் ஆகுது" என்றான். "பன்ரண்டு மூடி ஊத்தணும்."

பின்னால் போனேன். கூரை நல்ல உயரம். பழைய அலுமினியம் பலகைத் தட்டில், நிலத்தில் படாமல் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு துண்டையும் அவனே கையில் எடுத்து, புரட்டி, நல்ல கண்ணுக்குக் கிட்டே கொண்டு போய்ப் பார்த்து, உலை விளிம்பில் வைத்தான். நான் தொடவில்லை. தொடச் சொல்லி அவனும் சொல்லவில்லை. அது சரிதான்.

காயும் மட்டும் இரண்டு பேரும் சும்மா நின்றோம். அரை மணிக்கு மேலேயே இருக்கும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காமல், நெருப்பையே பார்த்துக்கொண்டு. மே மாதத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெளியே வெயில் அடித்தது.

மூசை தயாரானதும் சுவரில் மாட்டியிருந்த தோல் ஏப்ரனைக் கழற்றி எனக்கு நீட்டினான். கண்ணாடி தந்தான். அதற்குப் பிறகு என் காலைக் குனிந்து பார்த்தான். செருப்புத்தான் போட்டிருந்தேன்.

"கதவுக்குப் பின்னால பாருங்க அண்ணே."

பார்த்தேன். வார்ப்புக்காரர்கள் போடுகிற கனத்த சப்பாத்து இரண்டு சோடி. ஒன்று அவனுடையது, உலோகப் பொட்டு பட்டுத் தேய்ந்திருந்தது. மற்றது பெட்டியோடு, தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது. பெட்டியின் மேல் தூசு நன்றாகப் படிந்திருந்தது. றினாஸுக்குச் சப்பாத்து அளவு ஆறு. வேலைக்கு வந்து பயந்து போன ஆள் ஒல்லிப் பொடியன் என்று கேள்வி.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு. என்னுடைய அளவு.

போட்டுக்கொண்டு உலைக்குப் போனேன்.